கூனிப்பாறை மிளா

“பதினோரு நாள் ஆச்சு தாயி. படத்துல ஒரு கொம்புகூட விழல,” என்றார் இசக்கிராசு.

குருவம்மாள் நன்னாரி வேரில் மண்ணை உதறிக் கட்டிக்கொண்டிருந்தாள். காட்டில் விலங்குக் கணக்கெடுக்க வருகிறவர்கள் அந்தப் பளியர் குடியிருப்பில் முதலில் தேடுகிற ஆள் அவள்தான். வயது முப்பத்தைந்து இருக்கும். அவருக்கு அறுபத்து மூன்று.

மகள் வயதுக்காரியிடம் வந்து கேட்டு நிற்கிறோமே என்று அவருக்கு உள்ளே குத்தியது. மேடை மேடையாக ஏறி ஊருக்கே சொல்லிக் கொடுத்த வாய் அது.

விஷயம் இதுதான். கூனிப்பாறைக் குன்றை உடைத்துக் கல் எடுக்க ஒரு கம்பெனி மனுப் போட்டிருந்தது. மேய்ச்சலுக்குப் போகிற ஆட்டைத் தவிர அங்கே உயிர் எதுவும் இல்லை என்று அறிக்கையும் எழுதி வைத்திருந்தது. இருக்கிறது, பெரிய கொம்போடு ஒரு கிழட்டு மிளா மான் இருக்கிறது என்று இசக்கிராசு மூன்று துண்டுப் பிரசுரம் அடித்தார். சாட்சி எங்கே என்றார்கள்.

கல்லூரி வாத்தியார் ஒருவர் கேமரா இரவல் கொடுத்தார். மரத்தில் கட்டிவிட்டால் போதும், முன்னால் உயிர் அசைந்ததும் தானே படம் எடுக்கும். அந்தப் பதினோரு நாள் போக, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. அதற்குள் படம் கிடைக்காவிட்டால் குன்று இல்லை.

படம் கிடைத்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. போன கூட்டத்தில் அவர் எழுந்ததுமே அதிகாரி கோப்பை மூடிவிட்டார். அவர் தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டைக் கண்டால் போதும், கலவரம் என்று எழுதிவிட்டு இறங்கிப் போய்விடுவது அவர்கள் பழக்கம். போலீஸ் இவரைத் தூக்கி வேனில் போட்டது. பதினேழாவது முறை. அவர் அதைப் பதக்கம் மாதிரி எண்ணி வைத்திருந்தார்.

குருவம்மாள் கேமராவின் கார்டை வாங்கித் தன் போனில் மாட்டிப் பார்த்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். காலையில் இசக்கிராசு. சாயங்காலம் இசக்கிராசு. பீடியோடு இசக்கிராசு. கேமராக் கண்ணாடியைத் துடைக்கிற இசக்கிராசு, அதில் மூக்கு மட்டும்.

முதல் நாள் படம் ஒன்றில் ஓரமாக ஒரு பின்னங்கால் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

“நல்லா விழுந்திருக்கீங்க அண்ணாச்சி,” என்றாள். “குன்றுல ஆள் நடமாட்டம்தான் இருக்குன்னு கம்பெனிக்காரன் இதையே கொண்டுபோய்க் காட்டலாம்.”

கேமரா ஓடுகிறதா இல்லையா என்று போய்ப் பார்க்க வேண்டாமா என்று அவர் சிடுசிடுத்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“ரெண்டு.”

“அதுக்கு உங்க நேரம் பாடமாயிருச்சு. உங்களுக்குத்தான் அதோட நேரம் தெரியல.”

மறுநாள் உச்சிப்பொழுதில் வரச் சொன்னாள். அந்த நேரத்தில் கிழட்டு மிளா மேற்குச் சரிவு நிழலில் படுத்திருக்கும். சோப்புப் போடக் கூடாது, பீடி கூடாது என்றாள்.

ஆள் வாடை மேலே ஏறாதபடி, காற்று முகத்தில் அடிக்கும் பக்கமாகச் சுற்றிக் கூட்டிப் போனாள். நேராகப் போனால் கால் மணி நேரம், இப்படிப் போனதில் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் அவர் முனகினார்.

கேமரா தடத்துக்கு நேர் எதிரே, ஆள் முக உயரத்தில், பளிச்சென்று இருந்தது. தெளிவாகத் தெரியட்டும் என்று சுற்றிலும் கிளைகளை வெட்டிவிட்டிருந்தார்.

அவள் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். “நோட்டீஸ் ஒட்டுற மாதிரி ஒட்டியிருக்கீங்க.”

“முப்பது வருஷமா ஒட்டுறேன். கண்ணு போற இடத்துலதான் ஒட்டணும். எல்லாரும் பார்க்கத்தானே?”

“இதை யாரு பார்க்கணும்?”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்துவிட்டது. பீடி இருமல், அடிவயிற்றிலிருந்து வருவது.

மேலே எங்கோ கற்கள் உருண்டன. ஒரு கனத்த குரல் ஒரே ஒரு தரம் அதட்டியது. அப்புறம் குன்றே வாயை மூடிக்கொண்டது.

“அதுதான்,” என்றாள் குருவம்மாள். “அடுத்த தடவை இருமல் வந்தா விழுங்குங்க.”

“இது முழங்கின தொண்டை தாயி.”

“தெரியுது.”

கேமராவைக் கழற்றினாள். ஐம்பது அடி தள்ளிப் புதருக்குள் மெல்லிசாக இன்னொரு தடம் போயிற்று. இவருடைய வாடைக்கு ஒதுங்கிய மிளா புதிதாகப் போட்ட தடம். அங்கே ஒரு மரத்தில் தலைக்கு மேலே, கீழே பார்த்தபடி, ஓரமாகக் கட்டினாள். ஒரு இலையைக்கூடக் கிள்ளவில்லை.

பிறகு கையை நீட்டினாள். “துண்டைக் கொடுங்க.”

அவர் தயங்கினார். அடி வாங்கியபோதுகூடத் தோளிலிருந்து விடாத துண்டு.

அதைக் கொண்டுபோய்ப் பழைய தடத்தில், கிளைகளை வெட்டிய இடத்தில் தொங்கவிட்டாள். “வாடையை வச்சு, இந்தப் பக்கம் நீங்க நிக்கிறீங்கன்னு அது நினைச்சுக்கிட்டு அந்தப் பக்கமாவே போகட்டும். பதினாலு நாள் நீங்க ஏறக் கூடாது.”

“இடையில ஒருவாட்டி வந்தா?”

“உங்க படம் வரும்.”

பதினாலு நாள். சிறையில்கூட ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காராதவர் இசக்கிராசு. வீட்டு வாசலுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடந்தார். கூட்டத்தில் பேச ஒன்பது பக்கம் எழுதினார். கிழித்தார். மறுபடி ஒன்பது பக்கம் எழுதினார். டீக்கடையில் பழைய தோழர்கள், கட்சி மாறிச் சட்டை வெளுத்தவர்கள், மிளாவுக்கு மனு எழுதிக் கொடுத்தாச்சா என்று கேட்டுச் சிரித்தார்கள். கை தோளைத் தடவியது. துண்டு இல்லை.

ஒன்பதாம் நாள், கம்பெனி ஆட்கள் அடிவாரத்துக் கற்களில் எல்லைக் குறியாக வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனதாகத் தகவல் வந்தது. நேரே குருவம்மாளிடம் ஓடினார். அவர்கள் மேலே ஏறி எல்லாவற்றையும் கலைத்திருப்பார்கள், இப்போதே போய்ப் பார்த்தாக வேண்டும் என்றார். சும்மா இருந்து எதை ஜெயித்தோம் என்று சத்தம் போட்டார்.

அவள் தடுக்கவில்லை. அடிவாரம் வரை கூடவே வந்தாள். குனிந்து ஒரு பிடி புழுதி எடுத்து, கையை உயர்த்தி மெல்லத் திறந்தாள்.

புழுதி அவர் தோளைத் தாண்டி, குன்றைப் பார்த்து, நிதானமாக ஏறிப் போயிற்று.

இசக்கிராசு அது கரைகிற வரை பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் உச்சியில் இருவரும் ஏறினார்கள். கார்டில் பத்தொன்பதே படங்கள். ஏழாவதில் அது நின்றது. கழுத்து மயிர் சிலிர்த்து, வலது காது கிழிந்து, இரண்டு பக்கமும் மும்மூன்று கிளையாக விரிந்த கொம்பு. விடியக்காலை ஐந்தே முக்கால். பயமே இல்லாமல் எதையோ மென்றுகொண்டிருந்தது.

இசக்கிராசு பழைய தடத்தில் தொங்கிய துண்டை எடுக்கப் போனார்.

“அது அங்க வேலை பார்க்குது,” என்றாள். “இருக்கட்டும்.”

கூட்ட மண்டபத்து வாசலில் நான்கு போலீஸ்காரர்கள் நின்றார்கள். வருகிறவர்கள் தோளைத்தான் பார்த்தார்கள். இவரைப் பார்த்து, பெரியவரே வழியை விட்டு ஓரமாப் போங்க என்றான் ஒருவன். இசக்கிராசுவை இதுவரை எந்தப் போலீஸும் பெரியவரே என்று கூப்பிட்டதில்லை. பெருமையா அவமானமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கால் தன்னால் முன்வரிசைக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றார். திரும்பி, கடைசி வரிசையில் சுவரை ஒட்டி, தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். குருவம்மாள் முன்னால் எங்கோ இருந்தாள்.

கம்பெனிக்காரர் அறிக்கையைப் படித்தார். ஆடு தவிர வேறில்லை. ஆட்சேபணை உண்டா என்று அதிகாரி கேட்டார். அவர் கண் வரிசை வரிசையாகச் சிவப்பைத் தேடி, கிடைக்காமல் திரும்பி வந்தது. நாற்காலியில் சாய்ந்து கொஞ்சம் இளைப்பாறினார். கோப்பு திறந்தே கிடந்தது.

குருவம்மாள் எழுந்து போய்ப் படத்தை அதன் மேல் வைத்தாள்.

அதிகாரி வெகுநேரம் பார்த்தார். இடத்தையும் தேதியையும் கேட்டார். சொன்னாள்.

“இதை யாரும்மா எடுத்தது?”

“யாரும் எடுக்கலங்கய்யா. யாரும் இல்லாதப்ப வந்து நின்னுச்சு.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுத ஆரம்பித்தார்.

கடைசி வரிசையில், சட்டைப் பைக்குள் ஒன்பது பக்கமும் சரசரத்தது. இசக்கிராசுவுக்குத் தொண்டை அரித்தது. அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது.

விழுங்கினார்.