ஆம்பல் எடுத்த பச்சை இலை

ஏரிக்கரையில் ஒரு நீர்மருத மரம் நின்றது. அதில் கூழைக்கடாக்கள் ஒரு கல்லூரி நடத்திவந்தன. காலையில் மரங்கொத்தி மணி அடிக்கும். ஒரு நிமிடம் மௌன ஜெபம். பிறகு வகுப்பு தொடங்கும்.

எந்தப் பறவையும் அங்கே படிக்கலாம். கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் படித்தன. கோரைப்புல்லுக்குள் வாழும் முக்குளிப்பான்கள் மட்டும் வெகுகாலம் வரவில்லை. அவை சின்னஞ்சிறு பறவைகள். தண்ணீரில் அம்புபோல் பாயும். தரையில் நாலு எட்டு நடக்க வராது. கால்கள் அத்தனை பின்னால் முளைத்திருந்தன.

அவற்றில் முதலில் படிக்க வந்தவள் ஆம்பல்.

"நாலு பேர் நடுவில் நமக்காகப் பேச நம்மில் ஒருத்தி வேண்டும்" என்று சொல்லி அம்மா அவளை அனுப்பிவைத்தாள்.

முதல் நாளே இன்னாசி என்ற நீர்க்காகம் அவளைச் சீண்டியது. "கோரைக்குள்ள நீங்க எப்படிப் பேசிக்குவீங்க? குளுக் குளுக்குன்னா?"

ஆம்பல் சட்டென்று மூழ்கினாள். அவன் வாலுக்குப் பின்னால் எழுந்து, "இப்படித்தான்!" என்று கத்தினாள். இன்னாசி பயந்து தண்ணீரில் விழுந்தான். அன்றிலிருந்து இருவரும் நண்பர்கள்.

மூன்றாம் ஆண்டில் கல்லூரியிலேயே நன்றாகப் பேசுகிறவள் ஆம்பல்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்தக் கோடையில் கீழ்க்குளம் வற்றியது. அங்கிருந்த தவளைகள் ஏரிக்கு ஆள் அனுப்பின. ஏரியின் வாய்க்காலைச் செத்தையும் சுள்ளியும் அடைத்திருந்தன. அடைப்பை எடுத்தால் கீழ்க்குளத்துக்குத் தண்ணீர் போகும். ஆனால் ஏரி வடிந்துவிடும்.

எடுக்கலாமா, கூடாதா? ஏரிப் பெரியவர்கள் ஏழு நாள் சண்டை போட்டார்கள். எட்டாம் நாள் கல்லூரி முதல்வரான கூழைக்கடா ஃபாதரிடம் வந்தார்கள்.

"உங்கள் பிள்ளைகள் பேசி முடிவு சொல்லட்டும். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் நீர்நாய்கள் சொன்னபடி செய்யும்."

ஃபாதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "படித்த படிப்பு ஊருக்கு உதவ வேண்டாமா! நாளை காலையே மன்றம் கூடட்டும்!"

அந்த மன்றத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நத்தைக் கூட்டில் பச்சை இலை ஒன்றும் சருகு ஒன்றும் போடுவார்கள். பச்சை எடுத்தவர் 'வேண்டும்' என்று பேச வேண்டும். சருகு எடுத்தவர் 'வேண்டாம்' என்று பேச வேண்டும். சொந்த விருப்பத்துக்கு இடம் இல்லை. மற்றவர் நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காக ஃபாதர் கொண்டுவந்த வழக்கம் அது. வெயில் நல்லதா, மழை நல்லதா என்று பேசிய நாட்களில் அது நன்றாகவே இருந்தது.

ஆம்பல் நத்தைக் கூட்டுக்குள் அலகை விட்டாள். பச்சை இலை வந்தது.

அவளுடைய அம்மா அப்போது நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். முக்குளிப்பானின் கூடு கோரையில் கட்டிய மிதவை. சுற்றித் தண்ணீர் இருக்கும்வரைதான் அதற்குக் காவல்.

"ஃபாதர், இது என் பக்கம் இல்லை."

"அப்படியானால் இன்னும் நல்லது ஆம்பல்! அதுதானே பயிற்சி!"

சருகு இன்னாசிக்கு வந்தது. அவன் வீட்டாருக்கு ஏரி வடிந்தால் கொண்டாட்டம். ஆழமில்லாத தண்ணீரில் மீன் தப்பாது. அவன் மெல்ல அவள் பக்கம் சாய்ந்தான்.

"ஏய், மாத்திக்கலாமா?"

மேல்கிளையிலிருந்து ஒரு கொக்கு பார்த்துவிட்டது. "பாருங்கடா, கோரைக்காரி பயந்துட்டா!"

மரமே சிரித்தது.

"மாத்த வேண்டாம். நான் பேசுறேன்" என்றாள் ஆம்பல்.

அவள் பேசினாள். கீழ்க்குளத்துச் சேற்றைப் பற்றிச் சொன்னாள். வெடிப்புக்குள் ஒரு தவளைக் குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூடுவதைச் சொன்னாள். "நம் தாகம் மட்டும்தான் தாகமா? வாய்க்காலை முழுதாகத் திறப்போம்! ஒரு சுள்ளியும் மிச்சம் வேண்டாம்!" என்று முடித்தாள். சிறகுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஒரு கிழ நாரை கண்ணைத் துடைத்துக்கொண்டது.

இன்னாசி எழுந்தான். "ஏரியில் தண்ணீர் இருந்தால்... ஏரியில் தண்ணீர் இருக்கும்" என்றான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டு, மகள் பேசுவதைக் கேட்க அம்மாவும் வந்திருந்தாள். கோரை முக்குளிப்பான்கள் எல்லாம் கரையோரத் தண்ணீரில் கூட்டமாக மிதந்தன.

"வேறு யாராவது பேச வேண்டுமா?" என்று ஃபாதர் கேட்டார்.

"அக்கா, தண்ணி போயிட்டா நம்ம கூடு என்ன ஆகும்?" என்று பக்கத்து வீட்டுக்காரி முணுமுணுத்தாள்.

"சும்மா இருடி. படிச்ச பேச்சு நமக்கு எங்க புரியுது? எம்பொண்ணு இவ்வளவு நேரம் பேசியிருக்கா. நம்மளைப் பத்திச் சொல்லாமலா இருந்திருப்பா?"

ஃபாதர் இன்னொரு முறை கேட்டார்.

ஆம்பல் அம்மாவைப் பார்த்தாள். அலகைத் திறந்தாள். இப்போது சொன்னால், தான் பேசியதைத் தானே வெட்டியதாகும். கொக்கு சிரிக்கும். யாரோ தாமரை இதழ் ஒன்றை அவள் தலையில் வைத்தார்கள். "வென்றவள் ஆம்பல்!" என்று மரம் முழுக்கக் கூவியது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் அலகை மூடினாள்.

நண்பகலில் நீர்நாய்கள் கடைசிச் சுள்ளி வரை உருவிப் போட்டன. வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் ஆம்பலை விடவில்லை. மறுநாள் காலை அவள் கோரைக்குத் திரும்பியபோது அங்கே தண்ணீர் இல்லை. கூடுகள் சேற்றின் மேல் உட்கார்ந்திருந்தன.

கீரி விடிந்ததுமே வந்திருந்தது. அதற்கு நீந்த வேண்டிய வேலை இல்லை. கூடு கூடாக நடந்துபோயிருந்தது. இரை தேடத் தண்ணீருக்குப் போயிருந்த அம்மா சேற்றில் நெஞ்சால் ஊர்ந்து வந்திருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் நான்கு முட்டைகளும் வெறும் ஓடாகிவிட்டன.

மேலே பறந்துகொண்டிருந்த இன்னாசி பார்த்துவிட்டு இறங்கினான்.

"முட்டை இருந்துச்சா? என்கிட்டகூட ஏன் சொல்லல?"

"நான் எதிர்ப்பக்கம் பேசினேன்."

"நான் மட்டும்? எங்க வீட்டுக்கு வேண்டியதை நானும் சொல்லலையே!"

அப்போது கீழ்க்குளத்துத் தவளை ஒன்று நன்றி சொல்லத் தேடி வந்தது. ஓடுகளைப் பார்த்தது.

"பாதி திறந்திருந்தாலே எங்களுக்குப் போதுமே! எங்களை யாரும் கேக்கலையேம்மா..."

கூழைக்கடா ஃபாதர் சேற்றில் நடந்து வந்தார். ஒவ்வொரு கூடாகக் குனிந்து பார்த்தார். அங்கேயே நின்றார்.

அம்மா அழவில்லை. மகளின் இறகில் ஒட்டியிருந்த சேற்றை அலகால் கோதிவிட்டாள்.

"நேத்து எவ்வளவு அழகாப் பேசினே, கண்ணு! கடைசி வரைக்கும் கேட்டேன். நம்ம கூட்டைப் பத்தி எந்த இடத்துல சொன்னே? எனக்குத்தான் பிடிபடல."



எல்லார் பக்கமும் நின்று பேசக் கற்றவர் தன் வீட்டுக்காக ஒரு சொல் சொல்லாமல் இருந்துவிட்டால், அந்த வீட்டுக்காகப் பேச ஊரில் வேறு வாய் இராது.