‘அமுங்கு!’ என்று அதட்டிய தகப்பன்

தாமரைக் குளம் ஒன்றில் ஓர் இலைக்கோழி தன் நான்கு குஞ்சுகளோடு வாழ்ந்து வந்தது. நீண்ட விரல்களைப் பரப்பி, தாமரை இலைகளின் மேலே நடக்கும் பறவை அது. அந்த இனத்தில் தாய் முட்டையிட்டதும் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் தகப்பன் பாடு.

இந்தத் தகப்பன் மிகவும் கண்டிப்பு. குஞ்சுகள் பாட்டுக்கு இலை மேல் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். திடீரென்று, "அமுங்கு!" என்று ஓர் அதட்டல் வரும். அந்த நொடியே நான்கும் தண்ணீருக்குள் அமுங்கிவிட வேண்டும். அலகின் நுனி மட்டும் வெளியே இருக்கலாம். "எழு!" என்ற சொல் வரும்வரை அசையக் கூடாது.

ஒரு நாள் கடைக்குட்டி சற்றுத் தாமதித்தது.

"ஏன் நின்றாய்?"

"வாயில் தட்டான் இருந்தது அப்பா. விழுங்கிவிட்டு..."

"விழுங்கிவிட்டா? துப்பிவிட்டு அமுங்கு!"

அதே குளத்தில் ஒரு முக்குளிப்பானும் இருந்தது. அதற்கு மூன்று குஞ்சுகள். மூன்றும் நாள் முழுவதும் தகப்பன் முதுகில்தான் சவாரி. ஒன்று அதன் கழுத்தைக் கொத்தும். ஒன்று வாலைப் பிடித்துச் சறுக்கும். முக்குளிப்பான் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாது.

அதைக் கண்டால் இலைக்கோழிக்கு இளக்காரம்.

"சுமைதூக்கி வருகிறார், வழி விடுங்கள்!" என்று தன் குஞ்சுகளிடம் சொல்லும்.

முக்குளிப்பானும் சும்மா இருக்காது. "என்ன அண்ணே, பிள்ளை வளர்க்கிறீர்களா, பட்டாளம் நடத்துகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போகும்.

இருவரையும் பற்றிப் பேசுவதற்கென்றே கோரைப் புல்லுக்குள் ஒரு நீர்க்கோழி குடியிருந்தது. ஒரு நாள் காலையில் அது எட்டிப் பார்த்தபோது நான்கு குஞ்சுகளும் தண்ணீருக்குள் கிடந்தன. தகப்பன் இலை மேல் ஆடாமல் நின்றது.

"ஐயையோ! பெற்ற பிள்ளைகளைத் தண்ணீரில் முக்குகிறானே! கேட்க ஆளில்லையா?" என்று நீர்க்கோழி கத்தியது.

குளமே கூடிவிட்டது. தலைவர் கூழைக்கடா தன் பெரிய அலகுப் பையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்தது.

"பிள்ளைகளைத் தண்ணீரில் அமுக்கினாயா?" என்று கேட்டது.

"ஆமாம்."

"எத்தனை தரம்?"

"தினமும்."

"ஏன்?"

இலைக்கோழிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் பிள்ளைகள், ஐயா. எப்படி வளர்ப்பது என்று எனக்குத் தெரியும். நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை" என்றது.

"பார்த்தீர்களா திமிரை!" என்றது நீர்க்கோழி.

கூழைக்கடா பையை ஒரு முறை ஆட்டியது. "குஞ்சுகள் இனி முக்குளிப்பானிடம் வளரட்டும். அதுதான் அன்பான தகப்பன். இலைக்கோழியே, நீ எதிர்க்கரைக்குப் போ. பிள்ளைகள் பக்கம் வராதே!"

முக்குளிப்பான் திடுக்கிட்டது. "தலைவரே, நான் கேலிதான் செய்தேன். பிள்ளைகளைப் பிடுங்கச் சொல்லவில்லையே! என் முதுகில் இருப்பதே மூன்று பேருக்கு இடம்..."

"தீர்ப்பு தீர்ப்புதான்!"

இலைக்கோழி நான்கு குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு எதிர்க்கரைக்குப் பறந்தது. அங்கே இரை தின்னவில்லை. குளத்தின் நடுவை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

முக்குளிப்பான் நல்ல மனதோடுதான் பார்த்துக்கொண்டது. முதலில் நான்கையும் முதுகில் ஏற்றிப் பார்த்தது. "ஐயோ, என்ன விரலடா இது! என் இறகெல்லாம் பிய்கிறதே!" என்று துள்ளியது. நான்கும் தண்ணீரில் விழுந்தன. ஒரே சிரிப்பு. பிறகு அவை பக்கத்து இலைகளின் மேல் ஓடி விளையாடின.

"மாமா, இன்னும் அமுங்கச் சொல்லவில்லையே?" என்று கடைக்குட்டி கேட்டது.

"எதற்கு அமுங்க வேண்டும்? ஆடுங்கள், பாடுங்கள்!" என்றது முக்குளிப்பான்.

மறுநாள் உச்சிவேளையில் தண்ணீர் மேல் ஒரு நிழல் ஓடியது. பருந்து!

"ஏறுங்கள்!" என்று முக்குளிப்பான் கத்தியது. அதன் மூன்று குஞ்சுகளும் முதுகுக்குத் தாவி, சிறகுக்குள் இறுகப் பிடித்துக்கொண்டன. அது அப்படியே மூன்றையும் சுமந்து ஆழத்துக்குள் முங்கிவிட்டது. நீர்க்கோழியோ தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோரைக்குள் ஓடி ஒளிந்தது.

இலைக்கோழிக் குஞ்சுகளும் முதுகைத் தேடி ஓடின. முதுகு இல்லை. வெறும் குமிழிதான் இருந்தது. ஒளியப் புல் இல்லை. பறக்க இறகு முளைக்கவில்லை. அகன்ற பச்சை இலை மேல் நான்கும் திகைத்து நின்றன. பருந்து காலை நீட்டி இறங்கியது.

எதிர்க்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அமுங்கு!"

நான்கும் இலை ஓரமாகத் தண்ணீருக்குள் அமுங்கின. பருந்து வெற்று இலையைக் கிழித்தது. மறுபடி வட்டமிட்டது. தாழ வந்து தேடியது. தண்ணீரில் ஓர் அசைவும் இல்லை.

நீர்க்கோழி கோரை இடுக்கிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணியது. ஒன்று... இரண்டு... மூன்று... நான்காவது அலகு நுனி எங்கே? அதோ, தாமரைத் தண்டின் அருகே! நான்கு!

பருந்து சலித்துப் போய்த் தொலைந்த பிறகுதான், "எழு!" என்ற சொல் வந்தது. சொல்லோடு தகப்பனும் பறந்து வந்து இறங்கியது.

முக்குளிப்பான் மேலே வந்து கதறியது. "அண்ணே, என்னை மன்னித்துவிடுங்கள்! எனக்குத் தெரிந்தது ஏற்றிக்கொண்டு முங்குவதுதான்!"

"நீ எதற்கு அழுகிறாய்? உன் மூன்றையும் அந்த முதுகுதானே காப்பாற்றியது! உன்னைச் சுமைதூக்கி என்றேனே, என் வாயைச் சொல்ல வேண்டும்" என்றது இலைக்கோழி.

பிறகு அது கூழைக்கடா பக்கம் திரும்பியது. "தலைவரே, இவனுக்கு ஆழம் இருக்கிறது. நீர்க்கோழிக்குக் கோரை இருக்கிறது. வெட்டவெளி இலையில் பிறந்த என் பிள்ளைகளுக்கு இந்த ஒரு சொல்தான் இருக்கிறது. நேற்றே சொல்லியிருக்க வேண்டும். ரோஷம் தடுத்துவிட்டது."

கூழைக்கடா தலையைக் குனிந்துகொண்டது. "நீ காரணம் சொல்லும்வரை நான் விடாமல் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகளை அழைத்துப் போ."

கடைக்குட்டி அப்பாவின் காலோடு ஒட்டிக்கொண்டது. இலைக்கோழி இரண்டு சிறகுகளையும் விரித்துக் குனிந்தது. பக்கத்துக்கு இரண்டாக நான்கும் உள்ளே புகுந்தன. சிறகை மூடிக்கொண்டு அது இலை இலையாக நடந்தது. குஞ்சுகளின் கால்கள் கீழே தொங்கின.

நீர்க்கோழி வாய் பிளந்தது. "இவன் பிள்ளையைத் தூக்கி நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே!"

சிறகுக்குள்ளிருந்து கடைக்குட்டி தலையை நீட்டியது. "அப்பா தினமும் சாயங்காலம் தூக்குவார், அத்தை! அப்போது நீங்கள் கோரைக்குள் போய் அடைந்திருப்பீர்கள்!"

பிறர் பிள்ளை வளர்ப்பதைக் குறை சொல்லும் முன், அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து ஆபத்து வரும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.