காளவாய்க்குப் போன தூண்

முன்பு இத்தாலியில் ஒரு மலையூரில் புதிய தேவாலயம் எழும்பிக்கொண்டிருந்தது. சுவர்கள் எழும்பி, உள்ளே தூண்கள் நிறுத்துவதற்கு முன்பே சுண்ணாம்பு தீர்ந்துபோனது. மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது. ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டத்தில் பழைய ரோமானியக் கோயிலின் பளிங்குத் தூண் ஒன்று விழுந்து கிடந்தது. பொய்த் தெய்வத்தின் தூண்தானே, உடைத்துச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக்கொள் என்று பங்குக்குரு நேரி, கட்டடத் தலைவன் லாப்போவிடம் சொல்லிவிட்டார்.

தோட்டத்து ஓரத்தில் சுண்ணாம்புக் காளவாய் கனன்றுகொண்டிருந்தது. உன் கூட்டத்தார் எல்லோரையும் நான்தான் தின்றேன், நீ ஒருவன்தான் பாக்கி என்று அது தூணிடம் பெருமையடித்தது.

சம்மட்டியோடு வந்த லாப்போவிடம்தான் தூண் பேசியது.

"உடைப்பதற்கு முன் என்னை ஒருமுறை அளந்து பார்."

லாப்போ வேண்டாவெறுப்பாகக் கயிற்றைப் பிடித்தான். தூண் மேலே போகப் போக மெலிந்தது, ஆனால் நடுவில் லேசாகப் பருத்திருந்தது. உளி பிசகிவிட்டதோ என்று கேட்டான். பாரம் தூக்குகிறவன் நெஞ்சை நிமிர்த்துவான் அல்லவா, அதைப் பார்த்துத்தான் என்னைச் செதுக்கினார்கள் என்றது தூண். தன் பருமனிலிருந்து உயரத்தையும், உயரத்திலிருந்து அடுத்த தூண் நிற்கவேண்டிய தூரத்தையும் கணக்கிடச் சொல்லிக்கொடுத்தது. பொழுது சாய்வதற்குள் இடிந்துபோன கோயில் முழுவதும் லாப்போவின் மனதில் எழுந்து நின்றது.

அவன் சம்மட்டியைக் கீழே போட்டான். சுண்ணாம்புக்கு வேறு வழி பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

"மழைக்கு முன் உன் சுவர் பூசப்பட வேண்டும்," என்றது தூண். "என்னை நீ தெரிந்துகொண்டாய். இனி நான் உடைந்தால் குறைவில்லை."

அன்று காளவாய் வயிறு நிறையத் தின்றது.

தேவாலயத் திறப்பன்று நேரி உள்ளே நுழைந்தார். இருபுறமும் புதுத் தூண்கள், நடுவில் லேசாகப் பருத்து, ஒரே சீரான இடைவெளியில் நின்றன. வளைவுகள் அவற்றின்மேல் பாரமே இல்லாததுபோல் அமர்ந்திருந்தன. அவர் ஒரு தூணில் கை வைத்து, இவ்வளவு அழகை எங்கே கற்றாய் என்று லாப்போவிடம் கேட்டார்.

"நீங்கள் சுடச் சொன்ன தூணிடம்தான், சாமி. சுவரில் பூசியிருப்பதும் அதுதான்."

நேரி தூணிலிருந்து கையை எடுக்கவே இல்லை.