முத்திரை மூட்டையின் எடை

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. அங்கே கோகோவை அரசு வாரியத்துக்குத்தான் விற்க வேண்டும். வெளியே விற்றால் சிறை. அதனால் கொள்முதல் அதிகாரி போவாட்டெங் வைத்ததுதான் சட்டம், அவர் தராசு காட்டியதுதான் எடை.

எஃபுவா என்ற கோகோ விவசாயி ஒருநாள் அவருடைய கொள்முதல் கொட்டகையில் மூட்டையை இறக்கினாள். வீட்டில் எடை போட்டபோது அறுபத்துநான்கு கிலோ. இங்கே ஐம்பத்தெட்டு.

"குறையுதே ஐயா," என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போவாட்டெங் எழுந்து வந்தார்.

"வாரியத்துத் தராசு பொய் சொல்லுதுங்கிறியா? சொல்லிப் பாரு. இனி உன் கோகோ இங்கே ஏறாது."

"தராசு சரிதான் ஐயா. என் மூட்டைதான் சரியில்லை. முழு மூட்டை எப்படி இருக்கும்னு பார்த்துக்கிறேன்."

அவர் வாயைத் திறக்குமுன், துறைமுகத்துக்குப் போக முத்திரை வைத்திருந்த வாரிய மூட்டை ஒன்றை இழுத்துத் தராசில் ஏற்றினாள். முத்திரை வைத்தால் அறுபத்துநான்கு கிலோ என்பது எல்லோருக்கும் தெரியும்.

முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

"தராசு பொய் சொல்லாது," என்றாள் எஃபுவா. "அப்போ அரசாங்க மூட்டையில யாரோ கை வச்சிருக்காங்க ஐயா."

துறைமுகத்துக்கு மூட்டை ஏற்ற வந்திருந்த லாரி ஓட்டுநர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "குறை மூட்டையை நான் ஏத்த மாட்டேன். துறைமுகத்துல என்னைத்தான் பிடிப்பாங்க. முதல்ல போலீஸ் வரட்டும்."

போவாட்டெங் யாரையும் பார்க்காமல் குனிந்தார். தராசின் அடியில் கையை விட்டு எதையோ திருகினார். முள் மெல்ல நகர்ந்து அறுபத்துநான்குக்கு வந்தது.

"இப்போ உன்னுதை வை," என்றார்.

"இருக்கட்டும் ஐயா. எனக்கு முன்னாடி வந்தவங்க இருக்காங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து எடை போட்டவர்கள் அத்தனை பேரும் கொட்டகைக்குள் போய், தங்கள் மூட்டைகளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.