இருட்டறையில் கத்தரி நாற்று

"கோபம் போகமாட்டேங்குது தாயி," என்றாள் முத்துப்பேச்சி.

செண்பகவல்லி ஒரு கிண்ணத்தில் விதைகளை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். மலையடிவாரத்து மடத்தில் அவள்தான் குரு. முத்துப்பேச்சியைவிட வயதில் மிகவும் இளையவள். சிஷ்யை குருவைத் தாயி என்பாள். குரு சிஷ்யையை அக்கா என்பாள்.

"இன்னும் மருமக மேலதானா?"

"வேற யாரு இருக்கா எனக்கு? பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன், என் மடியிலேருந்து எடுத்துட்டா. உங்களுக்குத் தெரியாது, விடுங்கன்னுட்டா. சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதை விடு."

குரு சிரித்தாள்.

"நேத்து மகன் போன் பண்ணினான்," என்றாள் முத்துப்பேச்சி. "பேரனுக்கு ஆள் அடையாளம் தெரிய ஆரம்பிச்சிருச்சாம். புது ஆளைப் பார்த்தா அழுதானாம். இன்னும் கொஞ்ச நாள் போனா நானும் அவனுக்குப் புது ஆள்தான்."

"அப்போ போயிட்டு வாங்க."

"இந்தக் கோபத்தோடயா? முழுசா அடங்கட்டும். அப்புறம் போறேன்."

மடத்தின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. முத்துப்பேச்சி அங்கேதான் கண்மூடி உட்காருவாள். உள்ளே இருக்கும்வரை மனம் குளம்போலக் கிடக்கும். குழாயடிக்கு வந்து, அங்கே யாராவது ஒருத்தி மருமகள் என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் போதும். கொதிக்கும். திரும்ப அறைக்குள் போய்விடுவாள்.

செண்பகவல்லி கிண்ணத்தை நீட்டினாள்.

"பனி விலகுது அக்கா. தோட்டம் போடணும். கத்தரி, தக்காளி, சுரை, பப்பாளி. முளைக்க வச்சுத் தர்றீங்களா?"

முத்துப்பேச்சிக்கு மகிழ்ச்சி. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கி வளர்ந்தவள் அவள். தோட்டம் தெரியாது. ஆனால் அவள் தெருவில் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு அவளைப்போல முளைப்பாரி வளர்க்க ஆளில்லை. அவள் பானையைப் பார்க்கவே பக்கத்துத் தெருப் பெண்கள் வருவார்கள்.

அதே மாதிரி செய்தாள். உடைந்த பானைகளில் வைக்கோலும் எருவும் நிரப்பினாள். விதையைத் தூவி இருட்டறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். குளித்துவிட்டுத்தான் தண்ணீர் தெளித்தாள். யார் நிழலும் விழவிடவில்லை. பானைகளுக்கு நடுவே உட்கார்ந்து, குரல் வெளியே போகாமல் கும்மிப் பாட்டுப் பாடினாள்.

முளைகள் எழுந்தன. உயரமாக, மெலிந்து, பால்மஞ்சள் நிறத்தில். விளக்கைக் கொண்டுபோனால் அறைக்குள் நிலா இறங்கியதுபோல் இருந்தது.

ஒருநாள் அவளுக்கு உட்கார்ந்தபடியே கனவு வந்தது. அவளும் அந்தப் பானையில் நின்றாள். குளிர்ச்சியாக இருந்தது. காற்று இல்லை. யாரும் பேசவில்லை. எங்கோ தொலைவில் ஒரு குழந்தை தண்ணீரை அடித்து விளையாடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் திரும்ப முயன்றாள். அவளுக்குக் கழுத்து இல்லை, தண்டுதான் இருந்தது.

செண்பகவல்லி வந்து வாசலில் நின்றாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எவ்வளவு அழகு," என்றாள்.

போய்விட்டாள்.

பாத்தி தயாரானதும் முத்துப்பேச்சி நாற்றுகளை எடுத்து நட்டாள். ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கையால் தண்ணீர் விட்டாள். காலையில் நின்றன. வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மத்தியானம் பாத்தியெங்கும் ஈர நூல்போலக் கிடந்தன.

முத்துப்பேச்சி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்குத் தெரியும்ல தாயி? இப்படி ஆகும்னு."

"தெரியும்."

"பார்த்துட்டு சும்மா போனியே."

"அழகா இருந்துச்சுக்கா. பார்த்துட்டே இருந்துட்டேன்."

"நல்ல குருவா கிடைச்சே எனக்கு."

செண்பகவல்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முளைப்பாரியைக் கடைசில என்ன பண்ணுவீங்க?"

"ஊரைச் சுத்தித் தூக்கிட்டுப் போய் கண்மாயில கரைப்போம்."

"காய் பறிக்க மாட்டீங்களா?"

முத்துப்பேச்சி முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது.

"முளைப்பாரியில எவளாவது காய் பறிப்பாளா?"

குரு உள்ளே போனாள். கிண்ணத்தில் மிச்சம் இருந்த விதைகளை எடுத்து வந்தாள். வெயிலும் காற்றும் படும் இடத்தில் மண்ணைக் கீறித் தூவினாள். மத்தியான நேரத்துக்கு மட்டும் மேலே ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தாள்.

இவை மெதுவாக வந்தன. குட்டையாக, தடித்த தண்டோடு, கரும்பச்சையாக. ஓர் இலையில் பூச்சி ஓட்டை போட்டிருந்தது. இன்னொன்றைக் கோழி மிதித்திருந்தது. மலையிலிருந்து காற்று இறங்கியபோது எல்லாம் நடுங்கின. காற்று போனதும் நின்றுகொண்டிருந்தன.

"பார்க்க லட்சணமே இல்ல," என்றாள் முத்துப்பேச்சி.

"இல்லதான்."

முத்துப்பேச்சி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருவும் எழுந்து போகவில்லை.

மறுநாள் காலை இருட்டறை திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

முத்துப்பேச்சி பஸ்ஸில் இருந்தாள். வழியெல்லாம் மருமகளோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனாள். இரண்டு முறை இறங்கித் திரும்பிவிட நினைத்தாள். இறங்கவில்லை.

மகன் வேலைக்குப் போயிருந்தான். கதவைப் பாதி திறந்து மருமகள் சுபிதா நின்றாள். இடுப்பில் பேரன்.

குழந்தை முத்துப்பேச்சியைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. அழுதது.

முத்துப்பேச்சிக்குக் காது மடல் சுட்டது. அங்கேயே நின்றாள்.

சுபிதா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

"கோபம் தீர்ந்துருச்சா அத்தை?"

"இல்ல," என்றாள் முத்துப்பேச்சி. "உனக்கு?"

"எனக்கும் இல்ல."

சொல்லிவிட்டு, கதவின் மறுபாதியையும் திறந்தாள்.