பாலூர்ப் பைக்காரி

ஒரு ஊர்ல ஒரு பைக்காரி இருந்தா. ஊர் பேரு பாலூர்... இரு சஷ்மி, இந்தப் பக்கம் வந்து படு. இடது பக்கம் ஊசி போட்டு சதை எடுத்த இடம் அம்மாவுக்கு இன்னும் வலிக்குது. அப்படித்தான். சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறதுக்குள்ள நீ ஒரு தூக்கம் போட்டாகணும். நடுநடுவுல ம் கொட்டணும். கொட்டலைன்னா கதையை நிறுத்திடுவேன்.

“ம்.”

பாலூர்ல தெரு எல்லாம் வாய்க்கால். முன்ன அந்த வாய்க்கால்ல பால் ஓடிச்சு, சளசளன்னு. யாருக்காக ஓடிச்சுன்னு நினைக்கிற? உனக்காகத்தான். பல்லு முளைச்ச பிறகும் விடலையேடி நீ, கழுதை.

அந்த ஊருக்குக் காவல்தான் பைக்காரி. ரத்தக் குழாய் ஓரமா நின்னுக்கிட்டே இருப்பா. அவ உடம்பே ஒரு பை. உள்ள பொட்டலம் பொட்டலமா, நூத்துக்கணக்குல. கொசு கடிச்சா உனக்குக் கை தடிச்சு அரிக்குதுல்ல? உன் கையில நிக்கிற பைக்காரி பையைத் திறந்துட்டான்னு அர்த்தம்.

“என் கையிலயும் இருக்காளா?”

கையில, மூக்குல, நாக்குல, எங்க பார்த்தாலும் ஆயிரம் ஆயிரமா நிக்கறாளுங்க. உன் தலைமுடி ஒண்ணோட அகலத்துல அஞ்சாறு பேர் வரிசையா நிக்கலாம், அவ்வளவு சின்ன செல் அவ. நான் லேப்ல பதினோரு வருஷமா மைக்ராஸ்கோப்புல பார்க்கறேன், இன்னும் அவளைப் பார்த்தா கண்ணை எடுக்க மனசு வராது. உடம்புத் துணுக்கைக் கண்ணாடியில ஒட்டி நீலச் சாயத்துல முக்குவோம். ஊரே நீலமாகிடும். பைக்காரி மட்டும் ஊதாவா நிப்பா. அதே சாயம்தான்டி. அவ பையில இருக்கறதைத் தொட்டதும் நீலம் ஊதாவாகிடுது.

“ம். அப்புறம்?”

அப்புறம், பாலூர்ல உருண்டையன்னு ஒருத்தன். வெளியூர்லேருந்து வந்தவன் இல்ல, அந்த ஊர்லயே பிறந்தவன். எல்லாரும் அளவா வளர்ந்து நின்னப்போ இவன் மட்டும் நிக்கலை. ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு, புசுபுசுன்னு உருண்டான். உருள உருளப் பசி எடுத்துச்சு, ஆனா சாப்பாடு வர வழி இல்ல.

அப்போ பைக்காரிகிட்ட போய், “அக்கா, எனக்குக் காயம்”னான். அவ்வளவுதான். காயம்னு கேட்டா அவளுக்கு மனசு தாங்காது, காயத்தை ஆத்தறது அவ வேலை. டப்புனு ஒரு பொட்டலத்தைப் பிரிச்சா. குபுகுபுன்னு புது ரத்தக் குழாய் முளைச்சு நேரா அவன் வாசலுக்குப் போச்சு. அவன் மடக் மடக்னு குடிச்சான்.

“ம்.”

அப்புறம் ரெண்டாவது தடவை வந்தான். காயம் இன்னும் ஆறலைக்கா, சுத்தி இருக்கற வேலி நெருக்குதுன்னான். டப்பு. இது வேலியைக் கரைக்கற பொட்டலம். பழசைப் பிரிச்சாத்தானே காயத்துல புதுசு கட்ட முடியும், அதுக்காக வச்சிருந்தது. சரசரன்னு வேலி கரைஞ்சுது. உருண்டையன் பக்கத்துத் தெருவுல காலை நீட்டினான்.

“லூசு பைக்காரி.”

நானும் திட்டினேன்டி. கட்டி இருக்குன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, அடுப்புல குழம்பு கொதிக்கக் கொதிக்க நின்னு அவளைத்தான் திட்டினேன். என்னைக் காக்க வேண்டியவ, நீயே அவனுக்குச் சோறு போட்டுட்டியேன்னு. அப்புறம் யோசிச்சா பாவமா இருந்துச்சு. அவ கெட்டவ இல்ல. காயம்னு யார் சொன்னாலும் நம்பிடுவா.

அப்புறம் மூணாவது தடவை வந்தான். என்னை அழிக்க ரத்தத்துல படை வருது, அவங்களைத் திருப்பி அனுப்பிடுக்கான்னான். பைக்காரி பைக்குள்ள கையை விட்டா. படையைத் தூங்க வைக்கற பொட்டலமும் அதுக்குள்ளதான் இருக்கு. பிரிச்சா டும்டும்னு படையையே ஓடி வர வைக்கற பொட்டலமும் அதுக்குள்ளதான் இருக்கு. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல.

“எதை எடுத்தா?”

அதான்டி அதிசயம். சில ஊர்ல இதை எடுக்கறா, சில ஊர்ல அதை எடுக்கறா. ஒரே பைக்காரி, ஒரே பை. பெரிய பெரிய டாக்டருங்க எல்லாம் அவளை எண்ணி எண்ணிப் பார்த்து, இவ நல்லவளா கெட்டவளான்னு இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க.

“அம்மா, உன் ஊர்ல எதை எடுத்தா?”

தெரியலடி செல்லம். நாளைக்குக் காலையில டாக்டர் உருண்டையனை எடுத்துடுவாங்க. அவனைச் சுத்தி நிக்கற பைக்காரிங்களும் அவனோட போயிடுவாங்க. லேப்ல என் கூட வேலை பார்க்கற மரகதவல்லி அக்காகிட்ட சொல்லி வச்சிருக்கேன், நீலச் சாயத்துல முக்கி எனக்கு ஒரு ஸ்லைடு எடுத்து வைங்கன்னு. எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் போய்ப் பார்ப்பேன். இத்தனை வருஷம் யார் யார் ஊரையோ பார்த்தேன். உனக்குப் பால் ஓடின ஊரைப் பார்க்காம எப்படி இருப்பேன்? பயமாத்தான் இருக்கு. ஆனா அவ ஊதாவா நிக்கறதை ஒரு தடவை பார்த்துடணும்.

ஏய், என்ன எழுந்துட்ட? படு. அந்தப் பக்கம் போகாத, வலிக்கும்னு சொன்னேன்ல. நெஞ்சுல வாயை வச்சுக்கிட்டு என்னடி பண்ற?

“பைக்காரியக்கா, அவனுக்குக் காயமே இல்ல. பொய் சொல்றான். படையைக் கூப்பிடு.”

சஷ்மி.

ஒண்ணும் இல்லடி, அழலை. கண்ணுல தூசி. வலிக்கலை, நீ அப்படியே இரு. ம், காதை வச்சுக்கோ, மெதுவா.

அப்புறம் என்ன... அப்போ பைக்காரி பைக்குள்ள விட்ட கையை அப்படியே நிறுத்தினா. இது நம்ம ஊர்ப் பாலைக் குடிச்ச பிள்ளையோட குரலாச்சேன்னு திரும்பிப் பார்த்தா. நிஜமாவா சொல்ற, அவனுக்குக் காயம் இல்லையான்னு கேட்டா.

“இல்லைன்னு சொல்லிட்டேன்மா. அவ ம் சொன்னா.”

ம் சொன்னாளா?

“ம். இப்பக்கூடச் சொல்றா. ம், ம், ம்னு.”

அப்போ இவ்வளவு நேரம் அவளும் கதை கேட்டிருக்கா. சரி, பாலூர்க் கதையை அவகிட்ட விட்டாச்சு, இனி அவ பார்த்துப்பா. நீ கண்ணை மூடு. நான் கிளம்பற வரைக்கும் இந்தப் பக்கமே தூங்கு.