மாடத்தியைக் கொன்ற பக்கம்

டாக்டர் பூவரசன் ஒரு தாளைக் கொண்டுவந்து தன் ஆசிரியையின் மேசைமேல் வைத்தான்.

"மேடம், இதுல என்ன குறைன்னு சொல்லுங்க."

ஆசிரியை டாக்டர் கிறிஸ்டபெல், அந்த அரசு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவின் தலைவர். பூவரசன் அவரிடமே படித்து, அவருக்குக் கீழேயே மூன்று வருடமாக வேலை பார்ப்பவன். இப்போது அமெரிக்காவில் மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறான். பரீட்சைகளைத் தாண்டிவிட்டான். 'நான் ஏன் இந்தத் துறைக்கு வர விரும்புகிறேன்' என்று ஒரு பக்கம் எழுதித் தருவது மட்டும் பாக்கி. மறுநாள் கடைசி நாள்.

அவர் ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"யார் இந்த லட்சுமி?"

"மாடத்தி, மேடம். ஆவணியில நல்ல பாம்பு கடிச்சு வந்தாங்களே, வாழைத்தோட்டத்துல. பேரை மாத்திட்டேன்."

"செத்துட்டாங்கன்னு எழுதியிருக்க."

"ஆமா, மேடம்."

"பேரை மாத்தலாம். ஆளைக் கொல்லலாமா?"

பூவரசனுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது.

"நான் என்ன மேடம் செய்ய? உள்ளதை உள்ளபடி எழுதினேன். விண்ணப்பத்தைச் சரிபார்த்துத் தர்ற ஏஜென்சிக்காரங்க மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. உணர்ச்சி இல்லையாம். ஒரு சாவு இருந்தாத்தான் கடைசி வரி வரைக்கும் படிப்பாங்களாம். எட்டு வருசம் படிச்சது, வார்டுல நின்னு கால் வீங்கினது எதுவும் வேண்டாம். ஒரு பிணம் வேணும். கேக்குறவன்மேல தப்பா, குடுக்குறவன்மேல தப்பா?"

கிறிஸ்டபெல் தாளை மேசைமேல் வைத்தார். எழுந்து வெளியே போனார். அன்று, குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் மறுபடி வந்து காட்டும் நாள். திரும்பி வந்தபோது அவரோடு மாடத்தி வந்தாள். பாம்பு கடித்த கையில் இன்னும் கட்டு இருந்தது.

"உக்காருங்கம்மா. டாக்டர் உங்களைப் பத்தி எழுதியிருக்கார். கேளுங்க." பிறகு அவனிடம் சொன்னார்: "தமிழ்ல சொல்லு."

"மேடம், வேண்டாம்."

"கடல் தாண்டி அனுப்பப் போற. அவங்க காதுல விழக் கூடாதா?"

பூவரசன் தாளை எடுத்தான். முதல் வரிக்கே குரல் இறங்கிவிட்டது.

"வென்டிலேட்டர் எதுவும் காலியாக இல்லை. எல்லோரும் கைவிட்ட பிறகும் நான் மட்டும் அந்தத் தாயைக் கைவிடவில்லை. மூச்சுப் பையை என் கையால் அழுத்திக்கொண்டே இருந்தேன். என் கையைப் பற்றியபடியே அவர் உயிர் பிரிந்தது. அன்றுதான்..."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

மாடத்தி அவனையே பார்த்தாள்.

"நான் எப்ப செத்தேன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெண்டு பொட்டப்பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு, பஸ் ஏறி வாரேன். என்னைய எதுக்குச் சாவடிச்சிய? ஆளச் சாவடிச்சாத்தான் வேலை குடுப்பானா? அது என்ன ஊரு?"

"அம்மா, அது வந்து..."

"ஒத்த வெரலு அசையல எனக்கு. நான் எங்க ஒங்க கையப் புடிச்சேன்? கண்ணத் தொறக்க முடியல, அம்புட்டுத்தான். காது நல்லாக் கேட்டுச்சு. 'இது தேறாது, சொந்தக்காரங்களக் கூப்பிடுங்க'ன்னு சொன்னது நீங்கதான?"

பூவரசன் தாளை மடக்கினான்.

"எஸ்தர் நர்சம்மாதான் ஒங்கள ஏசினாவ. 'நாடி இருக்கு சார், வந்து அமுக்குங்க'ன்னு. அந்தப் புண்ணியவதி மத்தியானம் சோறு திங்காம அமுக்கினா. அவ கை ஓஞ்ச பொறவு நீங்க அமுக்கினிய. சாயங்காலம் வரைக்கும் அமுக்கினிய. இல்லன்னு சொல்ல மாட்டேன். அதுல அவ பேரு எங்க?"

"இல்லம்மா."

"அப்ப அவளையும் கொன்னுட்டிய."

மாடத்தி எழுந்தாள். கிறிஸ்டபெல்லைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

பூவரசன் அவள் போன வாசலையே பார்த்தான்.

"அவங்களுக்குக் கேட்டிருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை, மேடம்."

"நல்ல பாம்பு கடிச்சா உடம்புதான் அசையாது, நினைவு தப்பாது. பரீட்சையில எழுதி மார்க் வாங்கினவன்தானே நீ?"

அவன் தாளை இரண்டாகக் கிழித்தான். இன்னும் சின்னதாகக் கிழித்தான்.

"நடந்ததை எழுதினா, 'தேறாது'ன்னு நான் சொன்னதையும் எழுதணும். அப்புறம் என்னை யார் மேடம் எடுப்பாங்க?"

ஆசிரியை கதவைத் திறந்தார். வெளியே பூவரசனின் அறையும் இன்னொரு டாக்டரின் அறையும் எதிரெதிரே இருந்தன.

"எதிர் அறையில டாக்டர் சும்மாதான் உக்காந்திருக்கார். அந்தம்மா கையைக் காட்ட உன் அறை வாசல்லதான் நிக்கிறாங்க. எந்திரிச்சுப் போ."